மூலையில் ஒரு கீற்று

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
2 ஜூன் 2025

சாமுண்டீஸ்வரிக்கு,

ஜெகதீசன் எழுதுகிறேன். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறைவில்லை. உன் வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி இறந்தபோது நீ ஒரு கடிதம் போட்டாய். இது அதற்குப் பதில் அல்ல. அந்த உறையில் இருந்த சூரத் முகவரி பயன்பட்டது, அவ்வளவுதான். இனி உன்னோடு பேச மாட்டேன் என்று 1998இல் எல்லார் முன்னாலும் சொன்னேன். அண்ணன் சொன்ன சொல் அப்படியே இருக்கிறது. எழுத மாட்டேன் என்று சொன்னதாக நினைவில்லை. ஆகவே போன் செய்யாதே. எழுது. எழுத்தில் இருந்தால் பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

விஷயம் இது. என் மகள் கவிப்பிரியாவுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. பையன் சந்தோஷ், அவளோடு வேலை பார்ப்பவன். ஆகஸ்ட் 31 நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வைர மோதிரம் போடுகிறார்களாம். எழுபது சென்ட் எடையுள்ள ஒற்றைக்கல், அதுவும் எமரால்ட் கட். நீள்சதுரமாக, மூலை வெட்டி, உள்ளே படிப்படியாக இறங்கும் என்று கவி கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். நம் வீட்டில் மூன்று தலைமுறையாக வைரத்தைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. அம்மா மூக்கில் இருந்தது வெள்ளைக்கல். இவளுக்கு இந்த வெட்டெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

நீ வைரத்தைத் தரம் பிரிக்கும் கம்பெனியில் வேலை செய்வதாகக் கேள்வி. அந்தக் கல்லில் என்னென்ன ஏமாற்று உண்டு என்பதை வரிசையாக எழுது. உன் கருத்து வேண்டாம், தகவல் போதும்.

ஜெகதீசன்


சூரத்
20 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி சாமுண்டி எழுதிக்கொண்டது. நானும் அவரும் சுகம். மகன் ஆசிக் புனாவில் படிக்கிறான். உங்கள் சர்க்கரைக்கு ராகிக்கூழ் நல்லதில்லையாம், தினமும் குடிக்காதீர்கள். தமிழில் எழுதி வெகுநாள் ஆயிற்று, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்தேன்.

நீங்கள் கேட்டது. உருண்டை வெட்டுக் கல் மினுக்கி மினுக்கியே தன் குறையை மறைத்துவிடும். எமரால்ட் கட் அப்படி இல்லை. அது ஜன்னல் கண்ணாடி மாதிரி. மேல்முகம் அகலம், உள்ளே குளத்துப் படி மாதிரி நாலு பக்கமும் இறங்கும். ஒரு தூசி இருந்தாலும் தெரியும், மஞ்சள் தட்டினாலும் தெரியும். அதனால் இந்த வெட்டில் ஏமாற்றுவது கஷ்டம். ஒரே பயம் ஆய்வகத்தில் வளர்த்த கல். அதை லென்ஸ் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, கடைக்காரர் வைத்திருக்கும் பேனா மாதிரிச் சோதனைக் கருவியாலும் முடியாது. சான்றிதழ் பார்க்க வேண்டும். சான்றிதழில் இருக்கும் எண்ணைக் கல்லின் ஓரத்தில் லேசரால் பொறித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். இப்போது வேண்டாம்.

கவிக்கு என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சாமுண்டி


கள்ளிக்குப்பம்
26 ஜூன் 2025

சாமுண்டீஸ்வரிக்கு,

இங்கு நலம். உன் கடிதம் கிடைத்தது. சூரத்திலிருந்து தபால் ஐந்து நாளில் வருகிறது என்று உறையின் முத்திரையே சொல்கிறது. நீ பதில் எழுதப் பன்னிரண்டு நாளுக்குக் குறையாமல் எடுத்திருக்கிறாய். நான் கேட்டது பத்து வரித் தகவல்.

பையனின் அப்பா யார் என்று எழுதாமல் விட்டேன். எழுதிவிடுகிறேன். கரையான்சாவடி வேம்புலி. அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலையில் நான் அளவு சோதிக்கும் பிரிவில் இருந்தபோது என் கீழே வேலை பார்த்தவன். 2011இல் அளவு சரியில்லை என்று நான் தள்ளுபடி செய்த ஒரு லாட் சரக்கை அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லவில்லை. மெமோ எனக்கு, பதவி உயர்வு அவனுக்கு. எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன் எட்டு வருடம் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். தள்ளுபடியான சரக்கைத் தள்ளிவிடத் தெரிந்தவன் தன் மருமகளுக்கு எந்தக் கல்லை வாங்குவான்?

சான்றிதழ் காட்டினான். பில் எங்கே என்றேன். "பில்லா? அதெல்லாம் இல்ல சார். தெரிஞ்சவங்க மூலியமா வாங்கினது" என்றான். யார் அந்தத் தெரிஞ்சவங்க என்றேன். "நல்லவங்க" என்றான். கவி என்னைப் பார்க்காமல் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள்.

உனக்கு இதெல்லாம் சிறு விஷயமாகத் தெரியலாம். நிச்சயதார்த்தம் என்றால் என்ன என்று எனக்குத்தான் தெரியும். நீ அப்துல் ரசாக்கோடு போன ஒன்பதாம் நாள், எனக்கு நிச்சயம் செய்திருந்த கனிமொழியின் அப்பா நம் வானகரத்து வீட்டுக்கு வந்தார். நாங்கள் அந்தப் பெண்ணுக்குப் போட்ட மோதிரத்தைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து டி.வி. மேல் வைத்தார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்து, "நிச்சியம் வாணாங்க. ஒங்க பொண்ணு பண்ண வேலைக்கி எங்க ஊட்ல நான் பதில் சொல்ல முடியாது" என்றார். மீதித் தண்ணீரை யாரும் எடுத்துக் கொட்டவில்லை. மறுநாளும் அந்தச் சொம்பு அங்கேயே இருந்தது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் எழுது. சான்றிதழ் நகலை உனக்கு அனுப்பமாட்டேன்.

ஜெகதீசன்


சூரத்
4 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அங்கே மழை வந்ததா? இங்கே விடாமல் பெய்கிறது. கம்பெனி ஜன்னலில் வெளிச்சம் போதாமல் கல் பிரிப்பதை மதியமே நிறுத்திவிட்டோம்.

சொம்பு விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

கல்லை நீங்களே பார்க்க வழி சொல்கிறேன். வெள்ளைக் காகிதத்தில் குப்புற வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள், நிறம் தெரியும். நேராக வைத்து மெதுவாகச் சாயுங்கள். படிகள் ஒன்று விட்டு ஒன்று கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி ஒளிர வேண்டும். நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி தெரிந்தால் ஆழம் போதாத கல், வேண்டாம். நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் விரலுக்கு அழகு. கவியின் விரல் நீளம்தான், அதற்கு நன்றாக இருக்கும்.

வேம்புலி அண்ணனை எனக்குத் தெரியாது. அவர் கெட்டவராகவே இருந்தாலும் கல் கெட்டதாகிவிடாது அண்ணா.

உங்கள்
சாமுண்டி


கள்ளிக்குப்பம்
19 ஜூலை 2025

சாமுண்டீஸ்வரிக்கு,

எனக்கு உடம்பு பரவாயில்லை. நீயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

கவியின் விரல் நீளம் என்று எழுதியிருந்தாய். நீ அவளைப் பார்த்ததில்லை. நம் அம்மாவின் விரலை வைத்துச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

கல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டு முத்தம்மாள் ஒரு வழி சொன்னாள். "இன்னா நைனா, வைரம் போட்றாங்களாமே? சும்மா வாங்கி மாட்டிக்காதே. வெறுங்கல்ல மூணு நாளு ஊட்ல வெச்சிப் பாரு. ஆகலன்னா எதுனா ஒண்ணு நடக்கும், காட்டிக்கினே குட்த்துடும். அய்யருங்க, செட்டியாருங்க ஊட்ல எல்லாம் அப்டித்தான் வாங்குவாங்க" என்றாள். நம் வீட்டில் இல்லாத வைரத்துக்கு அடுத்த வீட்டு வழக்கம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கல்லை மூன்று நாள் என் கையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடையாது. வேம்புலி மறுக்கவில்லை. "மூணு நாளு இன்னா சார், முப்பது நாளு வெச்சிக்க. நீ பாஸ் பண்ணாதான் மோதரம்" என்றான். சிரிப்பில் கிண்டல் இருந்தது.

எது செய்தாலும் பதிவு வேண்டும் என்பதால் நோட்டில் எழுதினேன். முதல் நாள்: தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போய்விட்டது, ஆனால் அது இரண்டு வாரமாகவே முனகிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள்: வாசலில் கூரியர்காரனை நாய் கடித்தது. கேட்டுக்கு வெளியே நடந்ததால் நம் வீட்டுக் கணக்கில் சேருமா என்று முத்தம்மாளுக்கே தெரியவில்லை. மூன்றாம் நாள்: ஒன்றுமில்லை. கவி அறைக்குள் தனியாகப் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் நிறுத்தினாள்.

தொழிற்சாலையில் கழித்துக்கட்டிய நுண்ணோக்கி ஒன்றை அப்போதே வாங்கி வைத்திருந்தேன். எண் சரியாக இருக்கிறது. இயற்கைக் கல்தான். நிறம், ஆழம், படிகள், நீ சொன்ன எல்லாம் சரி. உண்மையைச் சொன்னால், மதிய வெயிலில் அதைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

ஆனால் உள்ளே ஒரு குறை இருக்கிறது. சான்றிதழில் அதன் பெயர் இருக்கிறது, இடம் இல்லை. எப்படிப்பட்டது, எங்கே இருக்கிறது என்று உனக்கு எழுதப்போவதில்லை. முதல் ஆள் எடுத்த அளவை இரண்டாம் ஆளிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் பிரிவில் விதி. சொன்னால் அவன் அதையே திருப்பிச் சொல்வான். பொதுவாக எந்தக் குறை ஆபத்து, எது இல்லை என்று மட்டும் எழுது. குறையுள்ள கல்லைத் தெரிந்தே தலையில் கட்டுகிறான் என்றால் இந்தச் சம்பந்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

ஜெகதீசன்


சூரத்
28 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், உங்கள் சுகத்துக்குப் பதில் போடுங்கள். மோட்டார் சரியாகிவிட்டதா?

அவசரப்பட்டுச் சம்பந்தத்தைப் பற்றி யோசிக்காதீர்கள் அண்ணா. குறையே இல்லாத கல் கோடியில் ஒன்று. கறுப்புப் புள்ளி நடுவில் இருந்தால்தான் இந்த வெட்டில் அசிங்கம். மேற்பரப்பு வரை ஓடும் விரிசல் இருந்தால் தட்டினால் உடையும். இது இரண்டும் இல்லை. வெள்ளைக் கீற்று, அதுவும் மூலையை ஒட்டி, முடி அளவு. மோதிரத்தின் பல் நாலு மூலையிலும்தானே பிடிக்கும், அதற்கு அடியில் போய்விடும். ஆயுசுக்கும் யார் கண்ணுக்கும் தெரியாது. நான் தினம் ஆயிரம் கல் பார்க்கிறேன், நம்புங்கள். அந்த இடத்தில் கீற்று இருப்பதால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

பிள்ளைகள் ஆசைப்பட்டு எடுத்த கல். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்
சாமுண்டி


கள்ளிக்குப்பம்
4 ஆகஸ்ட் 2025

சாமுண்டீஸ்வரிக்கு,

நலம் விசாரிக்க இன்று மனமில்லை.

வெள்ளைக் கீற்று. மூலையை ஒட்டி. முடி அளவு. இந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. என் கடிதங்களுக்கெல்லாம் நகல் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்த்துவிட்டேன்.

நீ அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறாய். கவியின் விரலையும் பார்த்திருக்கிறாய். "தெரிஞ்சவங்க" யார் என்று இப்போது தெரிகிறது. நான் இரண்டு மாதமாகத் திருடன் யார் என்று திருடனிடமே கேட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். என் மகள், என் எதிரி, நீ. மூன்று பேரும் சேர்ந்து சிரித்திருப்பீர்கள். அவள் போனில் சிரித்தது யாரோடு என்பதும் விளங்கிவிட்டது.

1998இல் என் நிச்சயத்தை நிறுத்தினாய். இப்போது என் மகளின் நிச்சயத்துக்குள் கல்லாக வந்து உட்கார்ந்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பத்தாம் தேதி கரையான்சாவடிக்குப் போகிறேன். கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதோடு பேச்சு முடிந்தது. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஜெகதீசன்


சூரத்
11 ஆகஸ்ட் 2025

அண்ணா,

பதில் வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். சின்ன வயதில் உன்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படியே எழுதுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உடனே கவிக்குப் போன் செய்தேன். நேற்றும் செய்தேன். "அத்தே, அப்பா கல்ல பாக்கெட்ல போட்டுக்கினு போயிட்டாரு" என்று அழுதாள். ராத்திரி மறுபடி கேட்டதற்கு, நீ வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை, கல் எங்கே என்று கேட்கப் பயமாக இருக்கிறது என்றாள். என்ன நடந்தது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். நடந்தது நடந்ததாக இருக்கட்டும், உண்மை உன்னிடம் இருக்க வேண்டும்.

அண்ணி இறந்தபோது நான் போட்ட கடிதத்தை நீ மேஜையில் வைத்திருந்தாயாம். கவி அதைப் படித்து எனக்கு எழுதினாள். மூன்று வருடமாகப் பேசுகிறோம். உனக்குச் சொல்லவேண்டாம் என்று சொன்னது நான்தான், அவளைத் திட்டாதே. மோதிரம் பற்றி அவள் கேட்டபோது கல் அத்தையுடையது, தங்கம் மாப்பிள்ளை வீட்டாருடையது என்று முடிவு செய்தோம். இருபத்திரண்டு வருடமாக ஊரார் கல்லைப் பிரித்துப் போடுகிறேன். எனக்கென்று ஒரு கல்லை எடுத்ததில்லை. இதை எடுக்க எட்டு மாதம் ஆனது. கீற்று இல்லாத கல் என் கைக்கு எட்டவில்லை, அதனால் கீற்று மூலையில் இருக்கும் கல்லாகத் தேடினேன்.

வேம்புலி அண்ணனைத் தெரியாது என்று நான் எழுதியது பொய், ஆனால் அவர் உன்னை ஏமாற்றவில்லை. யார் கொடுத்தது என்று சொல்லிவிடலாம் என்று நான் ஒரு தடவை தயங்கினேன். அதற்கு அவர், "வாணாம்மா. ஒம் பேரு தெரிஞ்சா சாரு கல்யாணத்தையே நிறுத்திடுவாரு. என்னைத்தான் ஏற்கெனவே பதினாலு வருஷமா திட்றாரே, இதுக்கும் சேத்து திட்டட்டும்" என்றார்.

நான் போனதால் உன் நிச்சயம் நின்றது என்று எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். தெரிந்திருந்தாலும் போயிருப்பேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அது ஒரு நாள்கூட என்னை விட்டுப் போகவில்லை. இந்த நிச்சயமும் என் பேரால் நின்றுவிடக் கூடாது என்றுதான் பேரே இல்லாமல் கொடுத்தேன். கடைசியில் என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

என் மேல் இருக்கிற கோபத்தை அவள் மேல் போடாதே.

சாமுண்டி


கள்ளிக்குப்பம்
17 ஆகஸ்ட் 2025, ஆவணி முதல் தேதி

சாமுவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்கு ஆறு நாள் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஆகவே உன் கடிதத்தால்தான் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்ததை எழுதுகிறேன். ஞாயிறு காலை கிளம்பினேன். பூந்தமல்லி சாலை முழுக்க மெட்ரோ தூண்களுக்கு நடுவில் நெரிசல். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு, பாக்கெட்டை ஒரு கையால் பொத்திக்கொண்டே போனேன். வேம்புலி லுங்கியோடு வாசலில் நின்றிருந்தான். "இன்னா சார், ஒரு போன் பண்ணியிருந்தா சந்தோஷு வண்டில வந்து இட்டாந்திருப்பானே" என்றான். உள்ளே உட்கார வைத்தான். நான் பொட்டலத்தை எடுத்து டி.வி. பக்கத்தில் வைத்தேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று ஆட்டோவிலேயே வாக்கியம் வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். வெயிலில் வந்ததால் தொண்டை வறண்டிருந்தது. "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

கேட்ட பிறகுதான் கேட்டது என் காதில் விழுந்தது.

அவன் மனைவி ரேகா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அறை வாசலில் சந்தோஷ் நின்றுகொண்டிருந்தான். பொட்டலத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு வயது இருபத்தேழு. எனக்கும் அன்று அதே வயது. நானும் அதே மாதிரிதான் நின்றுகொண்டிருந்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இத்தனை நாளும் தெரியாது. அன்றைக்குப் பார்த்தேன்.

பாதி குடித்திருந்தேன். சொம்பைக் கீழே வைக்கவில்லை. முழுதும் குடித்தேன்.

வேம்புலி அவசரப்படாதவன், அது எனக்குத் தெரியும். காலிச் சொம்பை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டான்: "இன்னா சார், செக் பண்ணி முட்ச்சிட்டியா? பாஸா, ரிஜெக்ட்டா?"

"பாஸ்" என்றேன். அவன் கொண்டுவந்த சரக்கில் நான் பாஸ் என்று சொன்னது இது ஒன்றுதான். பொட்டலத்தை எடுத்துச் சந்தோஷ் கையில் கொடுத்து, பத்தரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் கவியிடம் சொல்லவில்லை. மூன்று வருடம் எனக்குச் சொல்லாமல் இருந்தவள் ஒரு ராத்திரி தெரியாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. காலையில் சந்தோஷே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவள் எனக்கு ராகிக்கூழ் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். அது உன் வேலை என்று இப்போது புரிகிறது.

மோதிரம் நேற்று வந்தது. கீற்று பல்லுக்கு அடியில் போய்விட்டது. நீ சொன்னது சரி. நுண்ணோக்கியில் வைத்தும் தேடினேன், கிடைக்கவில்லை.

2011 லாட்டை நான் மறக்கவில்லை. நீ போனதையும் மறக்கவில்லை. இரண்டையும் யாரும் என்னிடம் மறக்கச் சொல்ல வேண்டாம்.

31ஆம் தேதி காலை பத்தரை மணி, திருவேற்காட்டில் மண்டபம். பெண்ணுக்குத் தட்டு எடுத்துக் கொடுக்க அத்தை முறையில் ஆள் வேண்டும், வேறு ஆள் கிடையாது. ரசாக்கையும் அழைத்து வா, தனியாக வராதே. ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் கவியிடம் சொல், அவளுக்கு அதெல்லாம் தெரியும்.

உன்னோடு பேச மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னவன் நான். அதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ நேராக வீட்டுக்கு வா. வந்து உட்கார்ந்து தண்ணீர் கேள். நானே கொண்டுவந்து கொடுப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஜெகதீசன்